உமலில் கட்டிய இளங்கொடி

வணக்கம்.

மாடு நின்ற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சியை நான் விவரிக்கவே தேவையில்லை. கன்று விழுந்துவிட்டது. எழுந்து நிற்கப் பார்க்கிறது. தாய் அதை நக்கிக்கொண்டு நிற்கிறது. ஆனாலும் வீட்டில் ஒருவரும் படுக்கப் போவதில்லை. அரிக்கன் லாம்பைத் தூக்கிக்கொண்டு ஆளாளுக்குக் கேட்பது ஒரே கேள்விதான்: "இளங்கொடி போட்டுவிட்டதா?" போட்டவுடன் மாடு அதைத் தின்றுவிடக் கூடாது, நாய் இழுத்துக்கொண்டு போய்விடக் கூடாது. வைக்கோல் சுற்றி, உமல் என்ற பனையோலைப் பையில் கட்டி, விடியுமுன் ஆலமரத்தில் தொங்கவிட வேண்டும். ஆல் பால் மரம். அதில் கட்டினால் மாட்டுக்குப் பால் குறையாது என்பது எங்கள் அம்மப்பாவின் நம்பிக்கை. ஒட்டுசுட்டான் பக்கம் எங்கள் ஊர் ஆலமரத்தில் எந்த நேரமும் பத்துப் பதினைந்து உமல்கள் ஆடிக்கொண்டிருக்கும். பேய்க்குப் பயப்படாத நான் அந்த மரத்துக்குப் பயந்தேன். அந்த நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது.

முப்பது வருடங்கள் வன்னிப் பள்ளிக்கூடங்களில் உயிரியல் படிப்பித்தவள் நான். எதைப் பற்றியும் பேசலாம் என்று வானொலி நிலையத்தார் சொன்னார்கள். அந்த உமலுக்குள் இருப்பதைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். நிகழ்ச்சி நடத்தும் தம்பி ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத்தான் சம்மதித்தார்.

மாட்டுக்கு இளங்கொடி. மனிதருக்கு நஞ்சு, நஞ்சுக்கொடி. பாடப்புத்தகத்தில் சூல்வித்தகம். நஞ்சு என்ற பெயர் எனக்குப் பிடிப்பதில்லை. வெளியே வராமல் உள்ளே தங்கினால் தாயின் உயிருக்கே ஆபத்து என்று கண்டவர்கள் வைத்த பெயராக இருக்கலாம். ஆனால் பத்து மாதமும் பிள்ளைக்கு நுரையீரலாகவும் குடலாகவும் சிறுநீரகமாகவும் உழைத்த ஓர் உறுப்பை நஞ்சு என்பது நன்றிகெட்ட பேச்சு. ஆகவே இன்றைக்கு நான் இளங்கொடி என்றே சொல்லப்போகிறேன், மனிதருக்கும்.

இப்போது ஒன்றை யோசித்துப் பாருங்கள். சிறுநீரகம் பழுதான மகனுக்குத் தாய் தன் சிறுநீரகத்தைக் கொடுக்கிறாள். பெற்ற தாயின் உறுப்புத்தான். ஆனாலும் மகனின் உடல் அதை அந்நியம் என்று கண்டு தாக்கும். அதை அடக்க அவன் வாழ்நாள் முழுவதும் குளிசை போட வேண்டும். அதே மகன் அந்தத் தாயின் வயிற்றில் இருந்தபோது? பாதி தாயினுடையவன், பாதி தகப்பனுடையவன். அந்தப் பாதி அந்நியத்தை அவள் உடல் ஒரு குளிசையும் இல்லாமல் பத்து மாதம் சுமந்ததே, எப்படி?

இந்தக் கேள்வியை 1953இல் தெளிவாக எழுதிவைத்தவர் பீற்றர் மெடவார் என்ற பிரித்தானிய விஞ்ஞானி. விடையாக மூன்று ஊகங்களும் சொன்னார். தாயையும் பிள்ளையையும் பிரிக்கும் ஒரு வேலி இருக்கலாம். பிள்ளையின் இழையம் இன்னும் முற்றாததால் தாய்க்கு அந்நியமாகத் தெரியாமல் இருக்கலாம். அல்லது, தாயின் நிர்ப்பீடனம், அதாவது நோயெதிர்ப்புச் சக்தி, அந்தக் காலத்தில் தூங்கிவிடலாம்.

இந்த மூன்றாவதைத்தான் நம் ஊரில் எல்லோரும் நம்புகிறார்கள். "பிள்ளைத்தாய்ச்சி, உடம்பில் எதிர்ப்புச் சக்தி இல்லை" என்று சொல்லாத வீடு உண்டா? நான் இன்றைக்குச் சொல்ல வந்தது இது ஒன்றுதான்: தாயின் நிர்ப்பீடனம் தூங்குவதில்லை. இடையில் மாடு, குளம் என்று எங்கெங்கோ போவேன், அதனால் இப்போதே சொல்லிவைக்கிறேன். தூங்குவதில்லை.

மாட்டுக்கு வருகிறேன். ஒரு மாரியில் அம்மப்பாவின் பட்டியில் ஒரு பசு இரட்டைக் கன்று போட்டது. ஒன்று நாம்பன், அதாவது ஆண் கன்று. ஒன்று நாகு, பெண் கன்று. எங்களுக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். அம்மப்பா மட்டும் நாகுக் கன்றைத் தடவிக்கொண்டு, "நாம்பனோடு கூடப் பிறந்த நாகு கன்று ஈனாது, பிள்ளை" என்றார். நான் அதை ஆலமரத்து உமலோடு சேர்த்து மூடநம்பிக்கைக் கணக்கில் எழுதிவிட்டேன். பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்குப் பிறகு, பல்கலைக்கழக நூலகத்தில் அதே விசயத்தை அச்சில் பார்த்தபோது எனக்கு வெட்கமாகிவிட்டது. சிகாகோவில் ஃபிராங்க் லில்லி என்பவர் 1916, 1917இலேயே விளக்கியிருக்கிறார். இரட்டைக் கன்றுகளின் இளங்கொடிகளில் குருதிக் குழாய்கள் ஒன்றோடொன்று இணைந்துவிடுகின்றன. நாம்பனிடமிருந்து வரும் சுரப்புகள் நாகுவின் கருப்பையையும் சூலகத்தையும் வளரவிடாமல் செய்துவிடுகின்றன. இப்படிப் பிறக்கும் நாகுகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மலடு. அம்மப்பா லில்லியைப் படித்தவர் அல்லர். மாட்டைப் படித்தவர்.

கதை அதோடு முடியவில்லை. 1945இல் அமெரிக்காவில் ரே ஓவன் என்பவர் இரட்டைக் கன்றுகளின் குருதியைச் சோதித்தார். ஒவ்வொரு கன்றிலும் இரண்டு வகைச் செங்குழியங்கள்! தன்னுடையதும், கூடப் பிறந்ததனுடையதும். வளர்ந்து பெரிய மாடான பிறகும் அப்படியே. உடல் அவற்றைத் தாக்கவே இல்லை. சில வருடங்கள் கழித்து, நான் முன்பு சொன்ன மெடவாரிடம் வேறொரு வேலை வருகிறது. இந்த இரட்டைக் கன்றுகள் ஒரே கருவிலிருந்து வந்தவையா, இரண்டு கருவிலிருந்து வந்தவையா என்று தோலை மாற்றி ஒட்டிப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்கிறார்கள். ஒரே கருவென்றால் தோல் ஒட்டும், இல்லையென்றால் கழன்றுவிடும் என்று அவர் எதிர்பார்த்தார். நாம்பனின் தோல் நாகுவில் ஒட்டிக்கொண்டது! அங்கிருந்து தொடங்கிய ஆய்வுதான் 1960இல் அவருக்கும் மக்பர்லேன் பர்னெற்றுக்கும் நோபல் பரிசாக முடிந்தது. அந்த மாடுகளுக்கு யாரும் ஒரு பிடி புல்லாவது கொடுத்தார்களா, தெரியவில்லை.

இளங்கொடி விழவில்லையே என்று அம்மப்பா விடிய விடிய நின்றாரே, அதிலும் நிர்ப்பீடனம் இருக்கிறது. கன்றின் கலங்கள், அதாவது செல்கள், காட்டும் அடையாளம் தாயின் அடையாளத்தோடு அதிகம் ஒத்துப்போனால் இளங்கொடி தங்கிவிடும் வாய்ப்புக் கூடுகிறது என்று பசுக்களில் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதாவது, இது அந்நியம் என்று தாயின் வெண்குழியங்கள் கண்டுகொண்டால்தான் ஒழுங்காகக் கழன்று விழும். பத்து மாதம் பொறுத்தவர்கள் கடைசி நாளில் கணக்கை முடிக்கிறார்கள். தூங்குகிறவர்கள் செய்யும் வேலையா இது?

மாட்டின் இளங்கொடியும் மனிதருடையதும் ஒன்றல்ல, அதையும் சொல்லிவிட வேண்டும். மாட்டில் அது எண்பது நூறு பொத்தான்கள் போலக் கருப்பையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். தாயின் குருதிக்குள் இறங்காது. அதனால் நோயை எதிர்க்கும் தாயின் புரதங்கள், அதாவது பிறபொருளெதிரிகள், கன்றுக்குப் போவதில்லை. கன்று வெறுங்கையோடு பிறக்கிறது. ஈன்றவுடன் சுரக்கும் கடும்புப் பாலை முதல் நாளிலேயே குடித்தாக வேண்டும். ஒரு நாள் கடந்தால் அந்தப் பாலில் உள்ள பிறபொருளெதிரிகளை அதன் குடல் உள்ளே எடுக்காது. கடும்பை முழுவதும் கறந்து கிண்டித் தின்னும் வீடுகளுக்கு இது ஒரு வேண்டுகோள். கன்றுக்கு விட்டுவிட்டு மிஞ்சியதைக் கிண்டுங்கள்.

மனித இளங்கொடி அப்படியல்ல. கருப்பைச் சுவரைக் குடைந்துகொண்டு போய்த் தாயின் குருதியிலேயே நேராகக் குளிக்கிறது. பிறக்கும்போது அரைக் கிலோ எடை. ஆனால் அதன் விரல் போன்ற நீட்டங்களையெல்லாம் விரித்துப் பார்த்தால் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையின் நிலத்தளவு பரப்பு. அந்த விரல்களின் மேலுறை முழுவதும் ஒரே கலம். கலங்கள் எல்லாம் ஒன்றாய் உருகி, தையலே இல்லாத சேலை மாதிரி. தையல் இல்லாததால் தாயின் வெண்குழியம் நுழைய இடுக்கும் இல்லை. இப்படிக் கலங்களை உருக்கி ஒட்டும் புரதம் எங்கிருந்து வந்தது என்று 2000ஆம் ஆண்டில் கண்டார்கள். பல கோடி வருடங்களுக்கு முன் நம் மூதாதைக் குரங்குகளைத் தொற்றிய ஒரு வைரஸின் புரதம் அது! வைரஸ் போய்விட்டது, அதன் ஊசிநூல் நம்மிடம் தங்கிவிட்டது.

சேலை ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சுவரைக் குடைந்துகொண்டு தாயின் இழையத்துக்குள்ளேயே போகும் கலங்கள் உண்டு. அங்கே அவர்களை எதிர்கொள்வது யார் தெரியுமா? இயற்கைக் கொல்லிகள் என்ற வெண்குழியங்கள். முதல் மாதங்களில் கருப்பையின் உள்ளுறையில் இருக்கும் வெண்குழியங்களில் 100க்கு 70 அளவு இவர்கள்தான். அடையாள அட்டை இல்லாத கலத்தைக் கண்டால் கொல்வது இவர்களின் வழக்கம். அட்டை இல்லாமல் வெளியே இறங்கினால் என்ன நடக்கும் என்பதை வன்னியில் நான் விளக்கத் தேவையில்லை. இளங்கொடியின் கலங்கள் இதற்கென்றே ஒரு தனி அட்டை வைத்திருக்கின்றன. அது கிட்டத்தட்ட எல்லா மனிதரிலும் ஒரே மாதிரி. அதோடு தகப்பனின் அடையாளங்களில் ஒன்றையும் சேர்த்துக் காட்டுகின்றன, மறைப்பதில்லை. கொல்லிகள் அதைப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டுக் கொல்வதில்லை, வாய்க்கால் வெட்டத் துணை நிற்கிறார்கள்.

முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்தவர்களுக்கு இது உடனே விளங்கும். துருசைத் திறக்கிறீர்கள். ஒடுங்கிய வாய்க்கால் என்றால் தண்ணீர் பாய்ந்து வந்து வரம்பை அறுக்கும், பயிரைப் பிடுங்கும், ஆனாலும் கடைசி வயலுக்கு எட்டாது. அகலமாக வெட்டிவிட்டால் அமைதியாக வந்து எல்லா இடமும் நிறையும். கருப்பைக்கு வரும் நாடிகள் ஒடுங்கிச் சுருண்டவை. அவற்றின் தசையைக் கரைத்து அகல வாய்க்காலாக்குவதுதான் இளங்கொடிக் கலங்களும் கொல்லிகளும் சேர்ந்து செய்யும் வேலை. அது சரியாக நடக்காவிட்டால் இளங்கொடி பட்டினி கிடக்கிறது. பட்டினியில் அது தாயின் குருதிக்குள் அனுப்பும் பொருட்களால் அவளின் குருதி அமுக்கம் ஏறுகிறது, சிறுநீரில் புரதம் போகிறது, சிலருக்கு வலிப்பும் வருகிறது. இது பிள்ளையால் வரும் நோயல்ல. கருவே இல்லாமல் இளங்கொடி மட்டும் முந்திரிகைக் குலைபோல வளரும் ஒரு நிலை உண்டு, அதிலும் இதே நோய் வருகிறது. இளங்கொடி வெளியே வந்தால்தான் தீர்வு.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கேம்பிரிட்ஜில் ஆஷ்லி மொஃபெற்றின் குழுவினர் 2004இல் காட்டினார்கள்: தாயின் கொல்லிகளை மிகவும் அடக்கிவைக்கும் பரம்பரை அலகுகள் தாயிலும் பிள்ளையிலும் சேர்ந்து அமைந்தால்தான் இந்த நோய் கூடுகிறது. கவனியுங்கள், அடங்கினால் நோய். விழித்திருந்தால் வாய்க்கால் நன்றாக வெட்டப்படுகிறது. ஆகவே கிளினிக்கில் குடும்பநல உத்தியோகத்தர் கையில் பட்டியைச் சுற்றிக் காற்றடிக்கும்போது அவர் பார்ப்பது உங்கள் பிரஷரை மட்டுமல்ல, ஐந்தாறு மாதங்களுக்கு முன் வெட்டிய வாய்க்காலையும்தான். "எனக்குச் சுகமாக இருக்கிறது" என்று போகாமல் விடாதீர்கள். இந்த அமுக்கம் சுகயீனம் காட்டாமலே ஏறும்.

கண்ணாடிக்கு அப்பால் தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார். மலேரியாவுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்தேன். சுருக்கமாக: ஒரு வகை மலேரியாக் கிருமி புகுந்த செங்குழியங்கள் இளங்கொடியில் இருக்கும் ஒரு தனிவகைக் கொக்கியில் மாட்டிக்கொண்டு அங்கேயே குவிகின்றன. அதனால்தான் சிறுவயதிலிருந்து காய்ச்சலில் அடிபட்டுப் பழகிய பெண்ணும் தலைப்பிள்ளையின்போது திரும்ப விழுகிறாள். அடுத்த பிள்ளைகளுக்குள் எதிர்ப்பு வந்துவிடுகிறது. என் தலைப்பிள்ளையின்போது நடுங்கிக்கொண்டு கிடந்த எனக்கு அது தெரியாது. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. அதனால் இதை இளையவர்கள் மறந்துவிட்டார்கள், நல்லது.

இன்னொன்று. 1996இல் டயானா பியாங்கியின் குழுவினர், மகனைப் பெற்று 27 வருடம் கழித்தும் ஒரு தாயின் குருதியில் ஆண் கலங்கள் ஓடுவதைக் கண்டார்கள். அதற்கு ஒரு முழு உரை வேண்டும். தம்பி இப்போது ஒரு விரல்தான் காட்டுகிறார்.

அந்த நாகுவுக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். கன்று ஈனவில்லை. வாங்க ஆள் வந்தார்கள், அம்மப்பா கொடுக்கவில்லை. பதினான்கு வருடம் பட்டியில் நின்றது, பட்டிப் பொங்கலுக்கு அதற்குத்தான் முதல் மாலை. வணக்கம்.