லேசான ஃப்ளைவீல் போடுவமா?

வணக்கம் நேயர்களே, மட்டக்களப்பில இருந்து அங்கால பொத்துவில் வரைக்கும் கேட்டுக்கொண்டிரிக்கிற எல்லாருக்கும் வணக்கம். நான் கல்லடியில கராஜ் வச்சிரிக்கிறன்.

போன மாசம் ஒரு தம்பி பழைய மாஸ்டா எம்.எக்ஸ்-5 ஒண்டோட வந்தார். 1990ஆம் ஆண்டு கார், 1.6 லீற்றர் எஞ்சின், அவ்வளவு வடிவா வச்சிரிக்கார். "அண்ண, இதுக்கு லேசான ஃப்ளைவீல் போட்டா நல்லா இழுக்குமாம், போடுவமா" எண்டு கேட்டார். நான் ஓம் எண்டும் சொல்லல்ல இல்ல எண்டும் சொல்லல்ல, அவரைக் கூட்டிக்கொண்டு போய் பின்னுக்கு நிண்ட லாண்ட்மாஸ்டரை, அதான் அந்த ரெண்டு சில்லு உழவு மெசினைக் காட்டினன்.

வயல் செய்யிற ஆக்களுக்கு இது கெதியா விளங்கும். அதில ஒரே ஒரு சிலிண்டர், எஞ்சின் ரெண்டு சுத்து சுத்தினா ஒருக்காத்தான் வெடிக்கும், மிச்ச நேரமெல்லாம் பக்கத்தில இரிக்கிற அந்தப் பாரமான சில்லுதான் தன்ட வேகத்தில எஞ்சினை இழுத்துக்கொண்டு போகுது. அந்தச் சில்லுதான் ஃப்ளைவீல். காரிலயும் அதே வேலைதான், கிராங்குக்கும் கிளட்சுக்கும் நடுவில ஒளிச்சிருந்து செய்யுது.

சரி, 8 கிலோ அளவில இரிக்கிறதக் கழட்டிப்போட்டு 4 கிலோ அலுமினியம் ஒண்டு போட்டா என்ன நடக்கும்? குதிரைவலு ஒண்டுகூட ஏறாது. எஞ்சின் தன்னைத் தானே சுத்தவைக்கச் செலவழிக்கிற சக்திதான் குறையும், அதால ரேஸ் குடுத்த உடன எஞ்சின் சுத்து ஏறும், விட்ட உடன விழும். அந்த லாபமும் எல்லாக் கியரிலயும் ஒரே மாதிரி இல்ல. இந்தக் காரில முதல் கியர் விகிதம் 3.136, அஞ்சாவது 0.814, லாபம் கியர் விகிதத்தின்ட வர்க்கத்துக்குப் போறதால முதல் கியரில கிடைக்கிறதில ஏறக்குறைய 15ல 1 பங்குதான் அஞ்சாவதில கிடைக்கும். வாழைச்சேனை ரோட்டில நேரா ஓடக்குள்ள ஒண்டும் தெரியாது. மஹியங்கனைப் பக்கத்தால கண்டிக்கு ஏறுற பதினெட்டு வளைவில, ஒவ்வொரு வளைவுக்கும் கியரக் குறைச்சு ரேஸ் குடுத்து விடக்குள்ளதான் அதுட ருசி தெரியும், அந்த இடத்தில எனக்கும் ஆசைதான்.

ஆனா நம்மட ஊர் மேசை மாதிரி மட்டமான ஊர். பள்ளிக்கூடம் விடுற நேரம் கல்லடிப் பாலத்தில ஊந்து ஊந்து போகக்குள்ள லேசான சில்லு இரிந்தா கிளட்ச் விடுற நேரம் எஞ்சின் நிண்டுபோகும், நிக்காம இரிக்க ரேஸ் கூட்டினா கிளட்ச் எரியும். சும்மா நிக்கக்குள்ள கியர் பொக்ஸ் கடகடவெண்டும் கேக்கும்.

இன்னொண்டு, இதக் கட்டாயம் சொல்லவேணும். காசு மிச்சம் எண்டு பழைய வார்ப்பிரும்பு சில்லையே லேத்தில குடுத்துச் சீவுற ஆக்கள் இரிக்காங்க. அப்படிச் சீவின ஒண்டு எங்கட கராஜுக்கு வந்திச்சு, பெற்றோல் ஊத்திக் கழுவித் துடைச்ச மறுகா பாத்தா, போல்ட் ஓட்டையில இருந்து தலைமயிர் மாதிரி ஒரு கறுப்புக் கோடு வெளிய ஓடுது. வெடிப்பு! 28 சென்ரிமீற்றர் குறுக்களவு உள்ள சில்லு நிமிசத்துக்கு 7000 சுத்துல ஓடினா விளிம்பு ஒரு செக்கனுக்கு 100 மீற்றர் போகும், அது சிதறினா இரிக்கிறது ஓட்டுறவர்ட காலடியில. தயவுசெஞ்சு அந்த வேலை செய்யாதீங்க. போடுறதெண்டா அதுக்கெண்டே செஞ்ச ஸ்டீல் சில்லு, இல்லாட்டி கிளட்ச் தேய்க்கிற முகத்தில ஸ்டீல் தட்டு வச்ச அலுமினியம், பேலன்ஸ் பாத்ததா வாங்குங்க.

தம்பிட கிளட்ச் தட்டு இன்னும் நல்ல தடிப்பா இரிக்கி. இதுக்கெண்டு மட்டும் கியர் பொக்ஸை இறக்கவேணாம், கிளட்ச் மாத்துற அண்டைக்கு கிராங்கின்ட பின் ஒயில் சீலையும் மாத்தி, 6 கிலோ அளவில ஸ்டீல் ஒண்டு போடுவம், அலுமினியம் வேணாம் எண்டு சொன்னன். முகம் கொஞ்சம் வாடித்தான் போச்சு. இருந்த சில்லோடயே பதினெட்டு வளைவு ஒருக்கா ஏறிப்போட்டு வந்து சொல்றன் அண்ண எண்டு போயிரிக்கார், வாற ஞாயிறு விடிய வெளிக்கிடுறாராம்.