நாலு மணிக்கு பஸ் ஏறுகிறவர்கள்

வானொலி நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் கடலூருக்குப் பக்கத்தில், கெடிலம் ஆற்றங்கரையில் உள்ள ஒரு ஊரில் தையல் வேலை செய்கிறவள். மகளிர் தையல் கூட்டுறவு சங்கத்தில் உறுப்பினர். பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு தரும் சீருடை எங்களைப் போன்ற பெண்களின் கையில் தைத்துத்தான் வருகிறது. 2022-இல் எங்கள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவுக்கு என்னைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு வருடம் அந்தப் பொறுப்பில் இருந்தேன். அதுவரைக்கும் ஆசிரியர்களைப் பற்றி ஊர் என்ன பேசுமோ அதையேதான் நானும் பேசிக்கொண்டிருந்தேன்.

ஊர் என்ன பேசும் என்று உங்களுக்கே தெரியும். "அவங்களுக்கென்ன, ஒன்பது மணிக்கு வந்து நாலு மணிக்கு பஸ் ஏறிடுவாங்க." "வருஷத்துல பாதி நாள் லீவு." "வட்டிக்கு விடவும் பிளாட் விக்கவும்தான் அவங்களுக்கு நேரம் இருக்கு." "சொந்தப் புள்ளைய இங்கிலீஷ் மீடியத்துல போட்டுட்டு இங்க வந்து பாடம் எடுக்கறாங்க." டீக்கடையில் கேட்கலாம், ரேஷன் கடை வரிசையில் கேட்கலாம், ஜாக்கெட் வாங்க வந்து என் மிஷின் பக்கத்தில் உட்காரும் பெண்களிடமும் கேட்கலாம். செப்டம்பர் 5 வந்துவிட்டால் அதே வாய் மாதா பிதா குரு தெய்வம் என்று சொல்லும். சால்வை போடுவோம், வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூ அனுப்புவோம். மறுநாள் பழைய பேச்சு.

இந்த இரண்டிலும் ஒரு விஷயம் விட்டுப்போகிறது. அந்த டீச்சர் வகுப்புக்குள் என்ன செய்கிறார் என்று நாம் பார்த்ததே இல்லை. என் தொழிலில் அப்படி நடக்காது. ஜாக்கெட்டைக் கொடுத்தால் வாங்குகிறவர் அங்கேயே போட்டுப் பார்த்துக் கையைத் தூக்குவார். கக்கத்தில் பிடிக்கிறதா, கழுத்து இறங்கிவிட்டதா என்று பார்ப்பார். மிஷினில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாய் என்று என்னை யாரும் கேட்டதில்லை. திட்டுவதாக இருந்தாலும் மெச்சுவதாக இருந்தாலும் தைத்த துணியைப் பார்த்துத்தான். ஆசிரியரைத்தான் மணியை வைத்தும் சம்பளத்தை வைத்தும் லீவை வைத்தும் அளந்துகொண்டிருக்கிறோம்.

நான் செய்த தப்பு ஒன்றைச் சொல்கிறேன். குழுவில் சேருவதற்கு முந்தைய வருடம், சாப்பாட்டு டப்பாவை மறந்துபோன என் பையனுக்கு அதைக் கொடுக்கப் போனேன். மணி ஒன்பதரை இருக்கும். மூன்றாம் வகுப்பு டீச்சர் வாசலில் வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டு செல்போனைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே பிள்ளைகள் ஒரே சத்தம். வீடு வந்து சேருவதற்குள் நாலு பேரிடம் சொல்லிவிட்டேன், "டீச்சர் போன் பாத்துக்கிட்டு நிக்கறாங்க" என்று. தெருவே பேசியது. அவர் அப்போது பிள்ளைகளின் வருகையை அரசின் செயலியில் ஏற்றிக்கொண்டிருந்தார். வகுப்பறைக்குள் சிக்னல் கிடைக்காது. பத்து மணிக்குள் ஏற்றாவிட்டால் மேலிருந்து கேள்வி வரும். இது எனக்குத் தெரியவந்தபோது ஒரு வருடம் கழிந்திருந்தது. நான் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லைங்க, பழகிடுச்சு" என்றார். அந்த "பழகிடுச்சு" எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

குழுத் தலைவரான பிறகு, கார்த்திகை மாதத்தில் ஒருநாள், அதே டீச்சரின் வகுப்பில் பின்னால் உட்கார அனுமதி கேட்டேன். முதலில் தயங்கினார். குற்றம் கண்டுபிடிக்கத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார். அப்புறம் சரி என்றார்.

2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை வகுப்பாகப் பார்ப்பதோடு, எதுவரை படிக்கத் தெரிகிறது என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகவும் பிரிக்கிறார்கள். ஒரே அறையில் மூன்று கூட்டம். ஒரு கூட்டம் எழுத்து அட்டை அடுக்குகிறது, ஒரு கூட்டம் கதை படிக்கிறது, மூன்றாவது கூட்டத்தோடு டீச்சர் தரையில் உட்கார்ந்திருக்கிறார். நடுவில் சத்துணவு அம்மா வந்து இன்றைக்கு எத்தனை பேர் என்று கேட்கிறார். இரண்டு பையன்கள் ஒரு பென்சிலுக்காக அடித்துக்கொள்கிறார்கள். டீச்சரின் கண் எல்லாவற்றின் மேலும் இருக்கிறது.

அந்தக் கூட்டத்தில் ஒரு பையன். அவனுடைய அம்மா துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்துக் கூடையில் விற்கிறவர். 'கப்பல்' என்று எழுதியிருந்தால் 'கடல்' என்று படிக்கிறான். 'பட்டம்' என்றால் 'படம்' என்கிறான். நானாக இருந்தால் மக்கு என்று சொல்லியிருப்பேன், என் பிள்ளையையே அப்படிச் சொல்லியிருக்கிறேன். டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்திலிருந்த படத்தைக் கையால் மூடினார். திரும்பப் படிக்கச் சொன்னார். அவனால் முடியவில்லை. அப்புறம் நாலு அட்டைகளை எடுத்து வைத்தார்: படம், பட்டம், படகு, பட்டு. எல்லாமே ஒரே எழுத்தில் தொடங்குகிறவை. முதல் எழுத்தைப் பார்த்து ஊகித்தால் மாட்டிக்கொள்வான். 'ட்' மேல் இருக்கும் புள்ளியில் அவன் விரலைப் பிடித்து வைத்து, "இங்க ஒரு நிமிஷம் நில்லு, அப்புறம் போ" என்றார். பட்... டம். நாலு தரம், அஞ்சு தரம். ஆறாவது தரம் அவனாகவே புள்ளியில் நின்றான்.

வகுப்பு முடிந்ததும் என்னிடம் சொன்னார்: "இவனுக்குப் படிக்க வராதுன்னு எல்லாரும் நினைக்கறாங்க. இவன் படிக்கறதே இல்லைங்க, முதல் எழுத்தையும் படத்தையும் பாத்துக் கண்டுபிடிக்கறான். புத்திசாலிப் பையன். அதனாலதான் இத்தனை நாள் யாருக்கும் தெரியல." ஜாக்கெட் தோளில் இழுத்தால் தப்பு தோளில் இருக்காது, பெரும்பாலும் கக்கத்து வெட்டில் இருக்கும். அது பிரித்துப் பார்த்தவளுக்குத்தான் தெரியும். எழுத்துக் கற்றுக்கொடுப்பதில் இப்படி ஒரு கைத்திறன் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பி.எட்., டி.டி.எட். என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்வது இதற்குத்தானா என்று நினைத்தேன்.

அந்தத் திறனைக் காட்ட அவருக்கு எத்தனை நேரம் கிடைக்கிறது? கல்வி உரிமைச் சட்டப்படி, ஒரு தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இருந்தால் இரண்டு ஆசிரியர்கள். வகுப்போ ஐந்து. ஒருவர் பயிற்சிக்குப் போனாலோ, உடம்புக்கு முடியாமல் லீவு எடுத்தாலோ மற்றவர்தான் ஐந்து வகுப்பையும் பார்க்க வேண்டும். அதே சட்டத்தின் 27-ஆம் பிரிவு, ஆசிரியர்களைக் கல்வி அல்லாத வேலைக்கு அனுப்பக் கூடாது என்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் மூன்றுக்கும் விலக்கு. கடலூரில் இருப்பவர்களுக்கு அந்த விலக்கு எவ்வளவு பெரியது என்று சொல்ல வேண்டியதில்லை. 2011-இல் 'தானே' புயல், 2015-இல் வெள்ளம், 2024 நவம்பர் 30-இல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த 'ஃபெஞ்சல்' புயல், அதன் பிறகு தென்பெண்ணையில் வந்த தண்ணீர். ஒவ்வொரு தடவையும் வீட்டை விட்டு வந்தவர்களுக்கு முதலில் திறந்த கதவு பள்ளிக்கூடத்துக் கதவுதான். 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் வந்தபோது, வாக்குச்சாவடி நிலை அலுவலராக இருந்த ஆசிரியர்கள் படிவக் கட்டோடு மழையில் வீடு வீடாக வந்தார்கள். "டீச்சருக்குப் பள்ளிக்கூடம் இல்லையா, தெருவுல சுத்தறாங்க" என்று அப்போதும் ஒரு குரல் கேட்டது.

சம்பளத்தைப் பற்றியும் பேச வேண்டும், ஊரில் எல்லாப் பேச்சும் அங்கேதான் போய் முடிகிறது. மூத்த ஆசிரியர்களுக்கு நல்ல சம்பளம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு தொகையை வைத்து எல்லோரையும் பேசிவிடுகிறோம். 2022-இல் காலிப் பணியிடங்களுக்குப் பள்ளி மேலாண்மைக் குழு மூலமாகத் தற்காலிக ஆசிரியர்களை வைத்துக்கொள்ளலாம் என்று அரசு சொன்னது. இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுநிலைக்கு 12,000. அப்படி ஒரு பெண் எங்கள் பள்ளிக்கு வந்தார். தகுதித் தேர்வில் தேறியவர். பண்ருட்டிப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டவள் நான். அந்தப் பேனாவைப் பிடிக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. கட்டட வேலையில் சித்தாள் வேலைக்குப் போகிற பெண் மாதம் இதைவிடக் கூடுதலாகக் கொண்டுவருவார்.

அந்தப் பெண் பிள்ளைகளுக்குச் செய்ததை இங்கே முழுதாகச் சொல்ல நேரம் போதாது. கணக்கில் கடன் வாங்கிக் கழிப்பதைப் புளியங்கொட்டையைக் கட்டுக் கட்டாகப் பிரித்துக் காட்டித்தான் சொல்லிக்கொடுத்தார். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இன்றும் அதை "டீச்சர் கொட்டைக் கணக்கு" என்றுதான் சொல்கிறார்கள். ஒருநாள் ஒரு அப்பா வகுப்பு வாசலிலேயே, பிள்ளைகள் காது கேட்க, "நீங்க டெம்பரவரிதானே, நீங்க என்ன பேசறது" என்று கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு பெரிய பையன்கள் அவர் சொல் கேட்பதைக் குறைத்துக்கொண்டார்கள். அடுத்த வருடம் அவர் வரவில்லை. புதுச்சேரியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறார் என்று கேள்விப்பட்டேன். தனியார் பள்ளிகளில் சொற்பச் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டு, கோடை விடுமுறையிலும் வீடு வீடாகப் போய் அட்மிஷனுக்குப் பிள்ளை சேர்க்கிறவர்களை ஊர் ஆசிரியர் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

இதையெல்லாம் கேட்டு, இந்த அம்மா ஆசிரியர்களுக்கு வக்காலத்து வாங்க வந்திருக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். என் பெரிய மகள் எட்டாம் வகுப்பு படித்த பள்ளியில் கணக்கு ஆசிரியர் ஒருவர் இருந்தார். வகுப்பில் பாதிக் கணக்குத்தான் போடுவார். மீதி சாயங்காலம் அவர் வீட்டில், காசு கொடுத்தவர்களுக்கு. ஆசிரியர் தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது என்று அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவில் இருக்கிறது. எனக்கு அது அப்போது தெரியாது. காசைப் புரட்டி அனுப்பினேன்.

அந்த மகள் இப்போது பி.ஏ. தமிழ் படிக்கிறாள். ஒருநாள் நன்னூலைக் கையில் வைத்துக்கொண்டு, "அம்மா, அந்தக் கணக்கு வாத்தியார் இதுல இருக்கார்" என்றாள். நல்ல ஆசிரியருக்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் என்று நாலு உவமை சொல்கிற அந்த நூல், ஆசிரியர் ஆகக் கூடாதவருக்கும் நாலு சொல்கிறது. அதில் ஒன்று முடத்தெங்கு, வளைந்த தென்னை. தண்ணீர் ஊற்றி வளர்த்தவர் ஒருவர், காய் விழுவது பக்கத்துக் கொல்லையில். எழுநூறு எண்ணூறு வருடத்துக்கு முன்னால் எழுதியது. ஆசிரியரைத் தெய்வம் என்று கும்பிட்டதோடு நம் முன்னோர்கள் நிற்கவில்லை, எது நல்ல வேலை, எது கெட்ட வேலை என்று பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கு ஆறாத கோபம் என்னவென்றால், அந்தப் பள்ளியில் பக்கத்து வகுப்பு ஆசிரியர்களுக்கு இது தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு வேலைக்கு வந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை என்று ஆனதற்காகச் சங்கங்கள் போராடுவதை நான் குறை சொல்ல மாட்டேன். 2019 ஜனவரி வேலைநிறுத்தத்தின்போது ஊர் பேசிய பேச்சில் பாதி எரிச்சல், பாதிப் பொறாமை. ஆனால் வேலையைக் கெடுக்கிற ஒருவரைப் பற்றி முதலில் பேச வேண்டியவர்கள் ஒழுங்காக வேலை செய்கிற ஆசிரியர்கள்தான். எங்கள் சங்கத்தில் ஒருத்தி தையலை அகல அகலமாகப் போட்டால் பக்கத்து மிஷின்காரியே பிரிக்கச் சொல்லிவிடுவாள். அவள் ஒருத்தியால் மொத்தச் சங்கத்துக்கும் கெட்ட பெயர் என்று எங்களுக்குத் தெரியும்.

2025 செப்டம்பர் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், தகுதித் தேர்வில் தேறாமல் ஏற்கெனவே வேலையில் இருக்கிற, ஓய்வுபெற ஐந்து வருடத்துக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள் இரண்டு வருடத்துக்குள் அதில் தேற வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஐம்பதை எட்டும் வயதில் பலர் ராத்திரி கைடு வைத்துக்கொண்டு படிக்கிறார்கள். தேர்வு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். துணியை வெட்டித் தைத்து முடிக்கும்போது அளவை மாற்றிச் சொன்னால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் அவர்களுக்கு இருக்கும் என்று மட்டும் எனக்குப் படுகிறது.

புதுச்சேரி நேயர்களுக்கு ஒன்று. நம் பாவேந்தர் பாரதிதாசன் 1909-இல் காரைக்கால் நிரவியில் ஆசிரியராகச் சேர்ந்து, 37 வருடம் பள்ளி வேலை பார்த்து 1946-இல் ஓய்வுபெற்றவர். அவர் பாட்டை மேடைதோறும் சொல்கிறோம். அந்த 37 வருடமும் வகுப்பில் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தார் என்று எத்தனை மேடையில் கேட்டிருக்கிறோம்?

எங்கள் குழுக் கூட்டங்களில் முதல் சில மாதங்கள் கழிப்பறைத் தண்ணீர், சுற்றுச்சுவர், மின்விசிறி என்றே போனது. அவையும் வேண்டியவைதான். வகுப்பில் உட்கார்ந்து பார்த்த பிறகு வந்த கூட்டத்தில் நான் வேறு ஒன்று கேட்டேன். "டீச்சர், இந்த மாசம் எத்தனை புள்ளைங்க அரும்புல இருந்து மொட்டுக்கு வந்தாங்க? வராதவங்களுக்கு எங்க தடங்கல்?" அவர் என்னை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். பையிலிருந்து பழுப்பு அட்டை போட்ட நோட்டு ஒன்றை எடுத்தார். அரசு கேட்ட பதிவேடு இல்லை, அவராகக் காசு கொடுத்து வாங்கியது. ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம். யாருக்கு ர, ற குழப்பம், யாருக்குக் கண் சரியில்லாததால் கரும்பலகை தெரியவில்லை, எந்தப் பிள்ளை திங்கட்கிழமைகளில் மட்டும் தூங்குகிறது, ஏன் தூங்குகிறது, எல்லாம் இருந்தது. மீன்காரம்மா பையனின் பக்கத்தில், "புள்ளியில் நிற்கிறான்" என்று சிவப்பு மையில் எழுதித் தேதி போட்டிருந்தார்.

ஒவ்வொரு பக்கமாகப் படித்துக்காட்டினார். அவர் வழக்கமாக ஏறும் நாலரை மணி பஸ் போய்விட்டது, அடுத்ததும் போய்விட்டது. மீன்காரம்மா கூடையோடு வந்து ஜன்னல் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "இந்த நோட்ட எத்தனை வருஷமா எழுதறீங்க டீச்சர்?" என்று கேட்டேன்.

"பதினாலு வருஷமா. நீங்கதான் முதல்ல கேக்கறீங்க" என்றார்.