ஜிஐ பைப் வெல்டிங் புகைக்குப் பால் மருந்தே இல்ல மக்களே!

வணக்கம் மக்களே. ஜிஐன்னா துரு பிடிக்காம இருக்க மேல பூச்சு போட்ட இரும்பு. போன கேட் வெல்டிங் வீடியோக்குக் கீழ பாத்தா, "ஜிஐ அடிச்சா நைட்டு பால் குடிங்க, சரியாயிடும்"னு அத்தனை பேரு எழுதியிருக்கீங்க. கோவமே வந்துடுச்சு. பால் வயித்துக்குப் போவுது, புகை நுரையீரலுக்குப் போவுது. ரெண்டும் எங்க சந்திக்கும்?

நம்ம கடலூர், பாண்டி உப்புக் காத்துக்கு ஜிஐ பைப்புதான் தாங்கும், சரி. ஆனா மேல இருக்கிற பூச்சு துத்தநாகம். அது 907 டிகிரியிலயே கொதிச்சுடும். இரும்பு உருகவே 1,500 கிட்ட வேணும். அதான் வெல்டிங் ஆர்க் (மின்பொறி) பட்டதும் வெள்ளையா குப்புன்னு கிளம்புது. சில மணி நேரம் கழிச்சு, வீட்டுக்குப் போனப்புறம் குளிரு, காய்ச்சல், வாயில ஒரு உலோக ருசி. ஒன்னு ரெண்டு நாள்ல அதுவாவே விட்டுடும். அந்தப் பேரைத்தான் பால் வாங்கிக்குது!

ஜாயின்ட்டுக்கு ரெண்டு பக்கமும் 2 இன்ச் அளவுக்கு, கிரைண்டர்ல பிளாப் டிஸ்க் (உப்புத்தாள் தட்டு) போட்டுப் பூச்சை எடுத்துடுங்க. தேய்க்கும்போதே மாஸ்க் வேணும், அந்தத் தூசியும் உள்ளதான் போவும். பைப்புக்கு உள்பக்கப் பூச்சை எடுக்க முடியாது, அதனால அடிக்கும்போதும் மாஸ்க்கைக் கழட்டாதீங்க.

கர்ச்சீப், சர்ஜிக்கல் மாஸ்க் எல்லாம் சுத்த வேஸ்ட். புகைத் துகள் 1 மைக்ரானுக்கும் கம்மி. குறைஞ்சது எஃப்எஃப்பி2ன்னு போட்ட தூசி மாஸ்க் வேணும். எனக்குப் பிடிச்சது மூக்கையும் வாயையும் மூடுற ரப்பர் ஹாஃப் மாஸ்க், அதுல பி100ங்கிற நுண்துகள் ஃபில்டர். அதுலயும் தட்டையா, அப்பளம் மாதிரி இருக்கிற ஃபில்டர்தான் கேட்டு வாங்கணும். டப்பா மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கிறது வெல்டிங் ஹெல்மெட்ல இடிக்கும், ஹெல்மெட் முழுசா இறங்காது, கடுப்புல மாஸ்க்கையே கழட்டிடுவீங்க. தட்டை ஃபில்டர் உள்ள அழகா அடங்கிடும். சூப்பர் பொருள், காசு போட்டாலும் தகும். ரெண்டு ஃபில்டரையும் உள்ளங்கையால மூடி மூச்சை இழுங்க. மாஸ்க் மூஞ்சியோட ஒட்டணும். தாடி இருந்தா ஒட்டாது, எடுத்துடுங்க.

ஃபேன் பக்கவாட்டுல வைங்க. முதுகுப் பக்கம் வச்சா புகை சுத்திக்கிட்டு மூஞ்சிக்கே வரும். சிஓ2 மெஷின்னா (கேஸ் விட்டு வெல்டைக் காக்குற மெஷின்) ஃபேன் காத்து ஜாயின்ட்டு மேல நேரா படக்கூடாது, கேஸ் கலைஞ்சு வெல்டுல பொத்தல் விழும். மழைன்னு ஷட்டரை முழுசா இறக்கிட்டு அடிக்காதீங்க, ப்ளீஸ்.

ஆங், விட்டுட்டேன். பூச்சை எடுத்த இடத்துல வேலை முடிஞ்சதும் ஜிங்க் (துத்தநாக) பெயின்ட் அடிச்சே ஆவணும், துரு அங்கதான் முதல்ல பிடிக்கும்.

ஜிஐ இல்லாட்டியும் மாஸ்க் போடணும். வெல்டிங் புகை எதுவா இருந்தாலும் புற்றுநோய் வர வைக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2017லயே முடிவு பண்ணிடுச்சு. எஸ்எஸ்ல (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) குரோமியம் வேற.

இன்னொன்னு, மஞ்சளா மினுக்குற பழைய போல்ட்டுல காட்மியம்ங்கிற விஷ உலோகப் பூச்சு இருக்கலாம். அது உயிருக்கே ஆபத்து, ஆனா ஆரம்பத்துல இதே காய்ச்சல் மாதிரிதான் இருக்கும். மூச்சுத் திணறுனா ராத்திரின்னு பாக்காம ஆஸ்பத்திரிக்குப் போங்க. என்ன இரும்பு அடிச்சீங்கன்னு டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க, இல்லன்னா வைரஸ் காய்ச்சல்னு மாத்திரை குடுத்து அனுப்பிடுவாங்க.