4,800 ரூபாய் தூண்டில் ரொட் வேண்டாம், மூங்கில் கம்பு போதும்! அண்ணன் மகளின் முதல் மீன்

வணக்கம் உறவுகளே! தொண்டை கட்டிக் கிடக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று காசல்ரீ நீர்த்தேக்கக் கரையில் நான் போட்ட சத்தம் அக்கரை லயம் வரைக்கும் கேட்டிருக்கும். என் வீடியோக்களில் கேமராவுக்குக் குறுக்கே குறுக்கே வருவாளே, அண்ணன் மகள், ஐந்து வயது வாயாடி, அவள் தன் கையாலேயே ஒரு மீனைப் பிடித்துவிட்டாள்!

மீன் கதைக்கு வருகிறேன். அதற்கு முன்னால் அந்தக் கடைக் கதையைச் சொல்லியே ஆகவேண்டும், வயிறு எரிகிறது. ஹட்டன் டவுனில் ஒரு கடை, பெயர் வேண்டாம். தூண்டில் முள் வாங்கத்தான் போனேன். பிள்ளையைப் பார்த்ததும் கடைக்காரர் பூனைப் படம் போட்ட ஒரு ரொட்டை எடுத்து அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். ரோஸ் கலர், ரீலும் உண்டு. "எவ்வளவு அண்ணே?" என்றால், "உங்களுக்காக 4,800 தங்கச்சி." 4,800! தோட்டத்தில் மூன்று நாள் கொழுந்து பறித்து வாங்குகிற காசு அது. பிளாஸ்டிக் கைப்பிடியைச் சுற்றினால் கரகர என்று சத்தம் வருகிறது. பிள்ளையின் கையில் முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு விலை சொல்கிற பழக்கம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. கொடுத்ததைத் திருப்பி வாங்கினால் அழுவது யார், அவளா அவரா?

விலையை விடுங்கள், பொருளே தப்பு. ஐந்து வயதுப் பிள்ளை ரீலை அழுத்தி, வீசி, சரியான நேரத்தில் விரலை எடுப்பது நடக்கிற காரியமா? முள் அவள் முதுகிலோ என் கண்ணிலோதான் விழும். நான் என்றைக்கும் மூங்கில் கட்சி என்று உங்களுக்குத் தெரியும். ஆறடியில் மெல்லிய மூங்கில், நுனியில் தங்கூசி, அதாவது நைலான் நூல். தங்கூசியும் கம்பு நீளம்தான் இருக்கவேண்டும். அப்போதுதான் கம்பை நிமிர்த்தினால் முள் நேரே கைக்கு வரும், வீசவே தேவையில்லை. ரிஜிபோம் (தெர்மோகோல்) துண்டில் ஒரு தக்கை, சின்னதாய் ஓர் ஈயக்குண்டு, அவ்வளவுதான். முள், தங்கூசி எல்லாம் சேர்த்து 300 ரூபாய்கூட ஆகவில்லை.

ஆ, முள்ளைப் பற்றி ஒன்று சொல்லாமல் போகிறேன். திலாப்பியாவுக்கு வாய் சின்னது, ஆகவே சின்ன முள். நுனிக்குக் கீழே எதிர்முள் ஒன்று இருக்கும் அல்லவா, அதைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். மீனின் வாயிலிருந்தும் சுலபமாகக் கழலும், தப்பித்தவறிப் பிள்ளையின் விரலில் ஏறினாலும் சுலபமாகக் கழலும்.

இரை பாண்தான். ஓரத்தை நீக்கி, நடுப்பகுதியைக் கொஞ்சம் கோதுமை மாவோடு பிசைந்து, மிளகளவு உருண்டை. மண்புழுவைக் கண்டு அவள் ஓடுகிறாள், அதனால் பாண். உருட்டுகிற வேலையை அவளிடமே கொடுங்கள். மீன் வராத நேரம் கைக்கு ஒரு வேலை இருக்கவேண்டும்.

இடம் நோர்வூட் பக்கத்துக் கரை. கெஹெல்கமு ஓயாவை மறித்து 1965இல் கட்டிய டேம் இது. கரை சில இடங்களில் பச்சையாக, பார்க்க அழகாக இருக்கும், கால் வைத்தால் சேறு. இரண்டடி தள்ளினால் ஆழம். அதனால் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் அவளைக் கீழே இறக்கவே மாட்டேன் என்று அண்ணியிடம் சத்தியம் பண்ணித்தான் கூட்டிப்போனேன். ரொட்டுக்குக் கொடுக்காத காசை அதற்குக் கொடுத்தேன், மனதார. மழைக்காலத்தில் நீர் நிரம்பி வான் பாய்கிற சமயத்தில் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

அட்டை! அட்டையை மறந்துவிட்டு எதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்? புல்லில் இறங்குவதற்கு முன்னால் இரண்டு காலிலும் சவர்க்காரத்தைத் தேய்த்துவிட்டேன். அவளை ஒன்றுகூடக் கடிக்கவில்லை.

சரி, மீன். தக்கை இரண்டு தரம் துடித்தது. அவள் மூச்சே விடவில்லை. வாயாடி, நம்புங்கள், ஒரு வார்த்தை இல்லை! மூன்றாவது தரம் தக்கை சாய்ந்து உள்ளே போனது. "தூக்கு!" என்று கத்தினேன். அவள் தூக்கவில்லை, கம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். மீன் தண்ணீரிலிருந்து வழுக்கி நேரே புல்லுக்கு வந்துவிட்டது. என்ன ஒரு யோசனை!

உள்ளங்கையளவுத் திலாப்பியா. முதுகுச் செட்டையை விரித்துக்கொண்டு கிடந்தது, முள் ஒவ்வொன்றும் ஊசி. கையை நனைத்து, தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் செட்டை படிந்துவிடும், குத்தாது. அவள் விரலைப் பிடித்து அப்படியே தடவ வைத்தேன். "அத்தை, குளிருது" என்றாள். இந்த மீன் 1952இல் வெளிநாட்டிலிருந்து இலங்கைக்கு வந்தது, இதில் அம்மா மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள்ளேயே வைத்துக் காப்பாற்றும் என்று சொன்னதும், வாயைத் திறந்து திறந்து பார்த்தாள். உள்ளே குஞ்சு இல்லை என்று தெரிந்த பிறகுதான் வாளியில் போட விட்டாள். ராத்திரி அண்ணி மஞ்சளும் மிளகாய்த்தூளும் பூசிப் பொரித்தார். தலைப்பக்கம் அப்பாவுக்கு, வால் எனக்கு, நடுத்துண்டு முழுக்க அவளுக்கு.

இன்று காலையில் ட்ரவுட் வேண்டுமாம். வெள்ளைக்காரர் காலத்தில் நுவரெலியாப் பக்கத்துக் குளிர் ஓடைகளில் விட்ட மீன் அது. ஓடும் தண்ணீர், வழுக்குப் பாறை, அதெல்லாம் இந்த வயதுக்குச் சரிவராது, நான் கூட்டிப்போக மாட்டேன். மவுசாகலை நீர்த்தேக்கத்தில் நீர் இறங்கி, மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாக் கோவில் தெரிகிற நாளில் அந்தக் கரைக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்று. இப்போதிருக்கிற லைஃப் ஜாக்கெட் அவளுக்குத் தோளில் கொஞ்சம் லூஸ், பட்டியை இழுத்துக் கட்டித்தான் சமாளித்தேன். அவள் அளவுக்குச் சரியானது மலையகத்தில் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள், விலையோடு!