கார் ஏசியில் கேஸ் குறைந்ததா? முதலில் ஓட்டையைத் தேடுங்கள்

[திரையில்: பானெட் திறந்த ஒரு சின்ன கார். சிவப்பு, நீல ஹோஸ்களோடு கேஜ் மாட்டியிருக்கிறது.]

"கேஸ் கம்மியா இருக்கு சார், ஃபில் பண்ணிடலாம்." கோடை வந்தால் ஏசி கடைகளில் அதிகம் கேட்கும் வசனம் இதுதான். நாமும் தலையாட்டுகிறோம். கொஞ்ச நாள் ஜில்லென்று இருக்கும். அப்புறம் அடுத்த வெயிலுக்கு அதே கடை, அதே வசனம்.

ஏசி ஓடுவதால் கேஸ் செலவாகாது. மூடிய குழாய்க்குள் அது சுற்றிக்கொண்டே இருக்கிறது. ரப்பர் ஹோஸ் வழியாக வருடத்துக்குச் சில கிராம் வெளியேறுவது இயல்புதான். ஏழெட்டு வருடம் ஓடிய காரில் கொஞ்சம் குறைந்திருந்தால் பதற வேண்டாம். ஆனால் ஒரே கோடையில் கூலிங் போய்விட்டதென்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதை விட்டுவிட்டு கேஸ் மட்டும் ஏற்றுவது பஞ்சரான டயருக்குக் காற்றடிக்கிற வேலை. அதைவிட மோசம் என்றுகூடச் சொல்வேன். கேஸை அழுத்திச் சுற்ற வைக்கும் கம்ப்ரசருக்கு வேண்டிய ஆயில் அந்த கேஸோடு சேர்ந்துதான் சுற்றி வருகிறது. கேஸ் குறைந்தால் ஆயில் சரியாகத் திரும்பி வராது, கம்ப்ரசர் காய்ந்து தேயும். சில்லறைச் செலவில் முடிய வேண்டியது கம்ப்ரசர் மாற்றுவதில் போய் நிற்கும்.

முதலில் இது லீக்தானா என்று பாருங்கள். கேபின் ஃபில்டர் அடைத்திருந்தால் காற்றே குறைவாக வரும். கண்டென்சர் (கேஸின் சூட்டை வெளியேற்றும், ரேடியேட்டர் மாதிரியான பாகம்) ஃபேன் ஓடவில்லை என்றால், வண்டி ஓடும்போது ஜில்லென்று இருந்து சிக்னலில் நின்றதும் சூடாகும். இரண்டும் சரி என்றால் அழுத்தம் பார்க்கும் கேஜ் மாட்டலாம்.

[திரையில்: இன்ஜின் ஆஃப். இரண்டு முள்ளும் 100-ஐ ஒட்டி நிற்கின்றன.]

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இன்ஜினை நிறுத்தி வைத்து, "100 பிஎஸ்ஐ காட்டுது, கேஸ் ஃபுல்" என்பார்கள். 30 டிகிரி வெப்பத்தில், கார் ஏசியில் போடும் ஆர்-134ஏ கேஸின் அழுத்தம் சுமார் 97 பிஎஸ்ஐ. உள்ளே திரவம் மிச்சம் இருக்கும்வரை, 200 கிராம் இருந்தாலும் 400 கிராம் இருந்தாலும் முள் அதே இடத்தில்தான் நிற்கும். வண்டியை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். நம்ம ஊர் வெயிலில் லோ பக்கம் (கம்ப்ரசருக்குள் கேஸ் வரும் பக்கம்) 25 முதல் 40 பிஎஸ்ஐ வரை, ஹை பக்கம் (கம்ப்ரசர் அழுத்தி வெளியே தள்ளும் பக்கம்) 200-க்கு மேல் என்பது பொதுவான கணக்கு. இரண்டுமே இறங்கிக் கிடந்து, கம்ப்ரசரை இன்ஜினோடு சேர்த்துப் பிரிக்கும் கிளட்ச் டக் டக்கென்று அடிக்கடி போட்டு எடுத்தால் கேஸ் போயிருக்கிறது.

சரி, எங்கே போனது? மெஷினை எடுக்கும் முன் கண்ணால் தேடுங்கள். கேஸ் கசியும் இடத்தில் ஆயிலும் கசியும். அதன்மேல் புழுதி ஒட்டி கறுப்புத் திட்டாக நிற்கும். முதலில் கண்டென்சர். முன்னால் இருப்பதால் கல்லடி வாங்குவது அதுதான், கடலோர ஊர் என்றால் உப்புக்காற்றும் அரிக்கும். அடுத்து குழாய் ஜாயின்ட்டுகளில் உள்ள ரப்பர் வளையமான ஓ-ரிங், ஹோஸ் அழுத்திப் பிடித்த இடங்கள், கம்ப்ரசரின் முன்பக்க சீல். கேஜ் மாட்டும் சர்வீஸ் வால்வின் பின்னில் சோப்பு நுரை ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். ரொம்ப மலிவான ரிப்பேர் இதுதான், ஆனால் யாரும் பார்ப்பதில்லை.

[திரையில்: ஊதா விளக்கில் ஒரு ஜாயின்ட் பச்சையாக மின்னுகிறது.]

கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் யூவி டை (ஊதா விளக்கில் மின்னும் சாயம்) ஏற்றி, சில நாள் ஓட்டிவிட்டு ஊதா விளக்கில் பார்க்கலாம். டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில் மட்டும் இதற்கு எளிதில் பிடிபடாது. அதற்கு கேஸை மோப்பம் பிடிக்கும் எலக்ட்ரானிக் டிடெக்டரைத் தண்ணீர் சொட்டும் டிரெயின் குழாய் வாயில் பிடிக்க வேண்டும். கேஸ் காற்றைவிடக் கனம், கீழேதான் இறங்கும்.

"வேக்கம் போட்டேன், நிக்குது, லீக் இல்லை" என்பதை மட்டும் முழுசாக நம்ப வேண்டாம். வேக்கம் என்பது பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பது. வேக்கத்தில் வெளிக்காற்று உள்நோக்கி அழுத்துவது 14.7 பிஎஸ்ஐதான். ஓடும்போது உள்ளிருந்து வெளியே தள்ளுவது 200-க்கு மேல். சின்ன ஓட்டை முதலாவதில் மூடிக்கொண்டு இரண்டாவதில் திறக்கும். மிச்ச கேஸை ரிக்கவரி மெஷினில் (கேஸை வெளியே விடாமல் உறிஞ்சிச் சேமிக்கும் மெஷின்) எடுத்துவிட்டு, ரெகுலேட்டர் வைத்து நைட்ரஜனை 150 பிஎஸ்ஐ அளவுக்கு ஏற்றி நுரை போட்டுப் பார்ப்பதுதான் உருப்படியான சோதனை. சாதாரணக் காற்றை ஏற்றக் கூடாது, ஈரம் உள்ளே போகும். ஆக்சிஜன் பக்கமே போகாதீர்கள், ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும். கேஸைத் திறந்தும் விடாதீர்கள். ஒரு கிலோ ஆர்-134ஏ பூமியைச் சூடாக்குவதில் 1,430 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். திரவமாகக் கையில் பட்டால் தோலை உறைய வைக்கும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் வேலை செய்ய வேண்டாம்.

ரிப்பேருக்கு வருவோம். ஓ-ரிங் என்றால் ஏசிக்கான ரகத்தில் புதுசு, ஆயில் தடவிப் போட வேண்டும். ஓட்டை விழுந்த கண்டென்சரை வெல்ட் வைப்பது என் கணக்கில் வீண். அந்தத் தகடு அவ்வளவு மெல்லியது. மாற்றிவிடுங்கள். லீக் அடைக்கும் கெமிக்கல் வேண்டவே வேண்டாம், அது வால்வையும் ரிக்கவரி மெஷினையும் சேர்த்து அடைத்துவிடும். குழாய் ரொம்ப நாள் திறந்து கிடந்திருந்தால் ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் மாற்றுங்கள்.

பிறகு அரைமணி நேரமாவது வேக்கம். இது ஈரத்தை விரட்டுவதற்கு. ஆழ்ந்த வேக்கத்தில் தண்ணீர் 30 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். கேஸை எடை போட்டுத்தான் ஏற்ற வேண்டும். எத்தனை கிராம் என்று பெரும்பாலும் பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கர் இருக்கும். கூடுதலாக ஏற்றினாலும் கூலிங் குறையும்.

பில்லில் அந்த கிராமை எழுதி வாங்குங்கள். மறுபடி கூலிங் குறைந்தால், ரிக்கவரி மெஷின் எடுத்துக் காட்டும் எடையை அதிலிருந்து கழித்துப் பாருங்கள். எவ்வளவு போயிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.