மாட்டுத்தோல் சீட் போட்ட 1993 ஹார்லி: இன்னைக்கு எப்படி விக்கிறது?

(காட்சி: சீட்டுக்கு ரொம்பப் பக்கத்துல கேமரா)

இந்த சீட்டைப் பாருங்க. கறுப்பும் வெள்ளையுமா தெரியுறது நிஜ மாட்டுத்தோல், முடியோட. ஒரு பக்கமா தடவினா வழவழன்னு போகும், எதிர்ப்பக்கம் தடவினா கையைத் தடுக்கும். ஹார்லி டேவிட்சன் 1993-ல விட்ட ஹெரிடேஜ் சாஃப்டெயில் நாஸ்டால்ஜியா இது. எண்ணி 2,700 வண்டிதான் செஞ்சாங்க. அமெரிக்காவுல செல்லமா 'கவ் கிளைட்'னு கூப்பிடுவாங்க.

லிமிடெட் எடிஷன்னு எழுதியிருந்தாலே விலை ஏறிடாது. 2003-ல ஹார்லிக்கு நூறு வயசு ஆனப்போ அந்த வருஷ வண்டிகள்ல நூற்றாண்டு பேட்ஜ் போட்டு ஏகப்பட்டது வித்தாங்க. அதெல்லாம் இன்னும் தாராளமா கிடைக்குது. கவ் கிளைட் அப்படி இல்ல. ஆனா அதுக்கு மதிப்பே இந்தத் தோலும், அந்தக் கறுப்பு வெள்ளை பெயின்டும் அப்படியே இருக்கிறதுலதான்.

(காட்சி: சீட்டுல முடி உதிர்ந்த இடம்)

உக்கார்ற இடத்துல முடி கொஞ்சம் உதிர்ந்திருக்கும். முப்பது வருஷம் ஆச்சு இல்லையா? தயவுசெஞ்சு புது ரெக்சின் போட்டுடாதீங்க. ஏற்கெனவே மாத்தியிருந்தா பழைய சீட்டைத் தேடி எடுங்க, கிழிஞ்சிருந்தாலும் பரவாயில்ல. கழட்டிப் போட்ட பழைய சைலன்சர், கார்புரேட்டர், கண்ணாடி எல்லாத்தையும் ஒரு பெட்டியில வச்சுக் காட்டுங்க. வாங்க வர்றவர் வண்டியை விட்டுட்டு அந்தப் பெட்டியைத்தான் முதல்ல கிளறுவார்.

(காட்சி: ஃப்ரேம் நம்பர், பிறகு இன்ஜின்)

அடுத்தது நம்பர். ஃப்ரேம்ல 17 எழுத்து இருக்கும், அதுல பத்தாவது 'P'ன்னு இருந்தா 1993 மாடல். இன்ஜின் கேஸ்ல அதோட சுருக்கம் பொறிச்சிருக்கும். ரெண்டும் ஒத்துப்போறதை ஒரே வெளிச்சத்துல தெளிவா போட்டோ எடுங்க.

இதுல இருக்கிறது 1,340 சிசி எவல்யூஷன் இன்ஜின். நல்ல உழைப்பாளி. ஆனா சிலிண்டர் அடியில ஆயில் கசியுறது இதுக்கு வழக்கம். துடைச்சு மறைக்காதீங்க, நீங்களே விரல் வச்சுக் காட்டுங்க. ஆள் வர்றதுக்கு முன்னாடி வண்டியை சூடாக்கியும் வைக்காதீங்க. குளிர்ந்த இன்ஜின் எப்படிப் பிடிக்குதுன்னு பார்க்கிறது அவரோட உரிமை.

டயரையும் பாருங்க. பக்கவாட்டுல தேதி நம்பர் மூணே இலக்கமா இருந்தா அது 2000-க்கு முந்தின டயர். பார்க்க புதுசா இருந்தாலும் அதுல யாரையும் ஓட்ட விடாதீங்க.

விலைக்கு, விளம்பரத்துல கேக்கிற தொகையை நம்பாதீங்க. அது ஆசை. உண்மையில கைமாறின தொகையைப் பாருங்க. வருஷா வருஷம் ஜனவரியில லாஸ் வேகாஸ்ல மீகம்ங்கிற ஏல நிறுவனம் நடத்துற மோட்டார் சைக்கிள் ஏலத்துல என்ன விலைக்குப் போச்சுன்னு பார்த்தா ஓரளவு புரியும்.

(காட்சி: வங்கி வாசல்)

பணம் வாங்குறதுதான் எனக்குப் பயமான கட்டம். வங்கியே தன் பேர்ல எழுதிக் கொடுத்த காசோலைன்னு ஒரு தாளை நீட்டுவாங்க. உங்க கணக்குல பணம் ஏறின மாதிரியே தெரியும். ரெண்டு வாரம் கழிச்சு போலின்னு திருப்பி எடுத்துடுவாங்க, வண்டி அதுக்குள்ள எந்த மாநிலத்துல இருக்கோ! அதனால காசோலை கொடுத்த வங்கிக் கிளைக்கே ரெண்டு பேரும் போங்க. அங்கேயே பணமா மாத்தின பிறகு டைட்டில்ல, அதாவது வண்டியோட உரிமைப் பத்திரத்துல, கையெழுத்துப் போடுங்க.

கலிஃபோர்னியாவுல இருந்தா, வித்த அஞ்சு நாளுக்குள்ள மோட்டார் வாகனத் துறைக்கு வண்டி கைமாறிடுச்சுன்னு தெரிவிக்கணும். வண்டி தெருமுனை திரும்பினதும் அன்னைக்கே பண்ணிடுங்க. இல்லேன்னா அவர் வாங்குற பார்க்கிங் அபராதம் உங்க வீட்டுக்கு வரும்.