கருவியைக் கேட்காதீர்கள், ஆளைக் கேளுங்கள்

(இலங்கை மலையகத்தில், ஹட்டனில் ஒரு ஞாயிறு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையிலுள்ள பெரியோர்களுக்கும், பின்வரிசையில் தேநீர் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிமாருக்கும் வணக்கம்.

அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே "அரிய இசைக்கருவி வேட்டையாளர்" என்று அச்சடித்துவிட்டார்கள். நான் வேட்டைக்காரன் அல்லன். ஆர்மோனியத்துக்கு ரீட் மாற்றுகிறவன், வயலினுக்குத் தந்தி தாங்கும் குதிரை செதுக்குகிறவன், தவிலுக்கு வார் இழுத்துக் கட்டுகிறவன். பழுதுபார்க்க வந்தவர்கள் போகிற போக்கில் சொன்ன கதைகளுக்குப் பின்னால் போய்ப் போய்த்தான் இந்தப் பித்துப் பிடித்தது. இருபது ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸிலும் ரயில் கோச்சியிலும் அலைந்து கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று. எந்த வாசலிலும் "பழைய கிட்டார் இருக்கிறதா?" என்று கேட்கக் கூடாது. கேட்டால் இரண்டு பதில்தான் வரும். ஒன்று, "இல்லை." மற்றது, "இருக்கிறது, ஐந்து லட்சம்." அதற்குப் பதிலாக, "இந்த லயத்து வீடுகளில் முன்பு வாசித்தவர் யார்?" என்று கேட்டுப் பாருங்கள். வாசல் இஸ்தோப்பில் பாய் விரித்துவிடுவார்கள்.

நான் அதிகம் தேடியது ஸ்டீல் கிட்டாரை. ஹவாய் கிட்டார் என்றும் சொல்வோம். பெயரைக் கேட்டு, இரும்பில் செய்த கிட்டார் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இரும்பு இருப்பது வாசிப்பவர் கையில். கருவியை மடியில் கிடத்தி, இடது கையில் ஓர் உருக்குத் துண்டைப் பிடித்து, தந்தியை அழுத்தாமல் அதன்மேல் வழுக்கிக்கொண்டே போக வேண்டும். கோட்டுவாத்தியம் பார்த்தவர்களுக்கு உடனே விளங்கிவிடும். அதில் மரக்கட்டை, இதில் உருக்கு. கமகம் பிடிக்கத் தெரிந்த நம் காதுக்கு இந்தக் கருவி அந்நியமாகப் படாததற்குக் காரணம் அந்த வழுக்கல்தான்.

ஹவாய்த் தீவில் 1874இல் பிறந்த ஜோசப் கெகுகு, பள்ளி மாணவனாக இருந்தபோதே இந்த முறையைக் கண்டுபிடித்தார் என்பது பரவலான கருத்து. இல்லை, இந்தியாவிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்த கேப்ரியல் டேவியன் என்பவர்தான் முதலில் வாசித்தார் என்று சொல்வோரும் உண்டு. எனக்கு இரண்டாவது கதைமேல் கொஞ்சம் ஆசை. ஆசைதான், ஆதாரம் அல்ல. 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பனாமா பசிபிக் கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்கா முழுவதும் இந்த இசைக்குப் பைத்தியமாகிவிட்டது.

ஒலிபெருக்கி இல்லாத காலம். பெரிய மண்டபத்தில் மடிக் கிட்டாரின் ஓசை முன்வரிசையைத் தாண்டாது. ஸ்லோவாக்கியாவிலிருந்து குடிபெயர்ந்த ஜோன் டோப்யேரா என்ற கைவினைஞர் கிட்டாரின் வயிற்றுக்குள் மெல்லிய அலுமினியக் கூம்புகள் மூன்றை வைத்தார். கிராமபோன் பெட்டிக்குள் நடப்பதுதான் அங்கேயும் நடக்கிறது: தந்தியின் அதிர்வு குதிரை வழியாகக் கூம்புக்கு இறங்குகிறது, கூம்பு காற்றைத் தள்ளுகிறது. நேஷனல் நிறுவனம் 1927இல் இதை விற்கத் தொடங்கியது. உடல் ஜெர்மன் சில்வர். பெயரில்தான் வெள்ளி, உள்ளே செம்பும் நிக்கலும் துத்தநாகமும். இன்று உலகில் சேகரிப்பாளர்கள் அடித்துக்கொள்வது இதற்குத்தான். 1930களின் தொடக்கத்தில் ரிக்கன்பேக்கர் மின்சாரக் கிட்டாரைக் கொண்டுவந்தது. அலுமினியத்தில் வார்த்து, தோசைக்கல்லுக்கு நீளக் காம்பு வைத்ததுபோல் இருக்கும். அமெரிக்கர்களும் அதை வறுவல் சட்டி என்றுதான் கூப்பிட்டார்கள்.

இவை நம் மலைக்கு ஏறியது கோச்சியில். ரயில் பாதை 1884இல் ஹட்டனுக்கும், அடுத்த ஆண்டு நானுஓயாவுக்கும், 1924இல் பதுளைக்கும் வந்துவிட்டது. தோட்டத் துரைமார் லீவில் சீமைக்குப் போய்த் திரும்பும்போது பெட்டியோடு பெட்டியாக வாத்தியங்களும் வந்தன. லண்டனில் அப்போது பீலிக்ஸ் மெண்டல்சன் என்பவர் ஹவாய் இசைக்குழு நடத்திக்கொண்டிருந்தார். பழைய இசைமேதை மெண்டல்சனின் வம்சம் என்று தன்னைச் சொல்லிக்கொண்டவர். போர்க்காலத்தில், 1944இல், நேச நாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டன் தன் தென்கிழக்காசியத் தலைமையகத்தைக் கண்டிக்குக் கொண்டுவந்தார். பட்டாளத்தோடு பாட்டும் வந்தது. அதே ஆண்டுகளில் கல்கத்தாவில் டாவ் மோ என்ற சமோவாக்காரர் குடும்பத்தோடு தங்கி ஹவாய் கிட்டார் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த நகரத்தில் மலிவான மரக் கிட்டார்கள் செய்யத் தொடங்கியதும் விலை நம்மவர்களுக்கும் எட்டியது. நம்மவர்கள் என்று நான் சொல்வது கிளாக்கர், டீமேக்கர், டிஸ்பென்சர் போன்ற தோட்ட உத்தியோகத்தர் வீடுகளை. தொழிலாளர் லயத்துக் கூரைக்குள் கிட்டார் நுழைந்தது அரிதிலும் அரிது. அதை மறைத்துப் பேசக் கூடாது.

சரி, எங்கே போயின? தொலைந்துபோயின என்று சொல்கிறோம். வாத்தியத்துக்குக் கால் கிடையாது. ஆட்களை அனுப்பினோம், கருவி நின்றுவிட்டது. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில், குடியுரிமை இல்லாத இந்திய வம்சாவளியினர் ஒன்பது லட்சத்து எழுபத்தையாயிரம் பேரின் கணக்குப் பார்க்கப்பட்டது. அதில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்று ஒத்திவைத்தார்கள். மூட்டை கட்டும்போது அம்மிக்கல்லை விடுவதா, ஆட்டுக்கல்லை விடுவதா என்று தவித்த சனம் ஆர்மோனியத்தையா தூக்கும்? நம் பெரியவர்கள் ஒப்பாரிக் கோச்சி என்று சொன்ன அந்த ரயிலில் தலைமன்னார் போய், கப்பலில் இராமேஸ்வரம் போய், மண்டபம் முகாமில் இறங்கினார்கள். போகுமுன் அடுத்த வீட்டில், "வந்து எடுத்துக்கொள்கிறேன்" என்று வைத்துவிட்டுப் போன பொருள்களின் பட்டியலை யாராவது எழுதியிருந்தால் எனக்கு இத்தனை செருப்புத் தேய்ந்திருக்காது.

துரைமார் வேறு விதமாகப் போனார்கள். 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானதும் பங்களாச் சாமான்கள் கைமாறின. பியானோவைத் தூக்க ஆள் கிடைக்காமல் அங்கேயே விட்டார்கள். சின்னக் கருவிகள் சமையல் அப்புமார் கைக்கும் காவல்காரர் கைக்கும் வந்தன. பிறகு 1977, 1981, 1983 இனக்கலவரங்கள். எரிந்த வீடுகளில் என்னென்ன இருந்தன என்பதை நான் இங்கே விரித்துச் சொல்லப் போவதில்லை. இந்த மண்டபத்தில் எனக்குத் தெரிந்தே மூன்று பேருக்கு அது சொந்தக் கதை.

ஒருமுறை நானுஓயாப் பக்கம் ஒரு மரக்கறித் தோட்டத்தில் காட்டுப்பன்றி விரட்டத் தகரம் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கட்டையால் தட்டினால் ஓசை பக்கத்து மலைவரை கேட்டது. சாதாரணத் தகரம் அப்படிக் கத்தாது. கிட்டப் போய்ப் பார்த்தால் இடுப்பு ஒடுங்கிய உலோக உடல், நடுவில் வட்டமான பெரிய ஓட்டை, மேலே இரண்டு பக்கமும் வளைந்த துளைகள். கழுத்தை அறுத்துவிட்டிருந்தார்கள். சட்டைப்பையில் எப்போதும் ஒரு காந்தம் வைத்திருப்பேன். வைத்ததும் கப்பென்று ஒட்டிக்கொண்டது. ஜெர்மன் சில்வராக இருந்தால் ஒட்டாது. ஆக, உருக்கில் செய்த மலிவுப் பதிப்பு, ஒற்றைக் கூம்பு. கூம்பு எப்போதோ போயிருந்தது. தலைப்பகுதி இல்லாததால் யார் செய்தது என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. தோட்டக்காரரிடம் விலை கேட்டேன். "ஐயா, இதைக் கொடுத்துவிட்டால் பன்றிக்கு நீங்களா வந்து கத்துவீர்கள்?" என்றார். நியாயமான கேள்வி. அது இன்னும் அங்கேயே தொங்குகிறது, பன்றியும் வருவதில்லையாம்.

மரக் கிட்டாரைப் பார்த்துக் கண்டுபிடிப்பது வேறு வித்தை. கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகள் தேயாமல் புதிதாகவே இருக்கும், ஆனால் ஓசைத் துளையைச் சுற்றி விரல் நகம் பட்டு மெருகு கரைந்திருக்கும். அப்படியொன்று கையில் கிடைத்தால் அது மடியில் கிடந்து பாடியது என்று கொள்ளலாம். தந்தியை அழுத்தாதபோது கட்டை எப்படித் தேயும்? தந்தி தலையிலிருந்து இறங்கும் இடத்தில் எலும்புத் துண்டை உயர்த்தி வைத்த அடையாளமும் இருக்கும். பிற்காலத்தில் பிள்ளைகள் சாதாரணக் கிட்டாராக வாசிக்க அதைத் தாழ்த்திவிடுவார்கள். அப்படி வேடம் மாறிய ஹவாய் கிட்டார்கள் ஏழெட்டுப் பார்த்திருக்கிறேன்.

வயலினைப் பற்றி இரண்டு வார்த்தை, ஏனென்றால் மாதத்துக்கு ஒருவராவது "எங்கள் தாத்தாவிடம் ஸ்ட்ராடிவேரியஸ் இருந்தது" என்று கொண்டுவருகிறார்கள். உள்ளே காகிதமும் ஒட்டியிருக்கும், 1721 என்றுகூட இருக்கும். சாக்சனியிலும் பவேரியாவிலும் பிரான்சிலும் ஆயிரக்கணக்கில் செய்து, அந்தப் பெயரை அச்சடித்து ஒட்டி உலகெங்கும் அனுப்பினார்கள். அதே காகிதத்தில் "மேட் இன் ஜெர்மனி" என்று ஆங்கிலத்தில் இருந்தால் பேச்சே வேண்டாம். வெளிநாட்டுச் சரக்கில் பிறந்த நாட்டைப் போடும் வழக்கத்துக்கு வித்திட்ட பிரிட்டிஷ் சட்டம் 1887இல் வந்தது. ஸ்ட்ராடிவேரியஸ் இறந்து அப்போது நூற்றைம்பது ஆண்டு. ஆனால் வயலின் மோசம் என்று அர்த்தமில்லை. நல்ல குரல் உள்ளவை அதில் எத்தனையோ. விற்காதீர்கள், வாசியுங்கள். கூலி வாங்கிக்கொண்டு பசை போட்டுத் தருகிறேன்.

இனி எனக்கு நேர்ந்த ஓர் அவமானம். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு முதியவரிடம் என் குறிப்பேட்டைக் காட்டினேன்: கிட்டார் இத்தனை, ஆர்மோனியம் இத்தனை, வயலின் இத்தனை. அவர் கண்ணாடியைத் துடைத்து நிதானமாகப் பார்த்துவிட்டு, "தப்பு எங்கே?" என்றார். நான் முழித்தேன். அவர் கேட்டது தப்பு என்ற பறையை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு ஆளை எழுப்பியது அது, சாவுக்கு வழியனுப்பியது அது, மாசியில் காமன் கூத்துக்கு ரதியையும் மன்மதனையும் ஆடவைத்தது அது. என் பட்டியலில் மட்டும் அதற்கு இடமில்லை. அமெரிக்காவில் வார்த்த தகரத்துக்கு நாலு பக்கம் எழுதியிருந்தேன்.

அவரிடம் இருந்தது மரச் சட்டம், கன்றுத்தோல், புளியங்கொட்டைப் பசை. இன்றைய செயற்கைத் தோலையும் இரும்பு வளையத்தையும் நான் திட்டமாட்டேன். ஆறாயிரம் அடி உயரத்துப் பனியில் தோல் நனைந்த அப்பளம்போல் தொங்கிப்போகும். ஒவ்வொரு முறையும் தீ மூட்டிக் காய்ச்சினால்தான் பேசும். மழையில் நின்று அடிக்கிறவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். கருவி மாறியதில் எனக்கு வருத்தமில்லை. சாவு வீட்டு அடி, கூத்து அடி, சாமி அழைக்கும் அடி என்று அவர் விரலில் இருந்தவற்றை அவர் பேரன்மார் கற்கவில்லை, அதில்தான் வருத்தம். அவர்கள் மேலும் பிழை இல்லை. தப்பு அடித்தவனை வாசலுக்கு வெளியே நிறுத்தித் தேநீர் கொடுத்த சமூகம் நாம். அந்தப் பிள்ளைகள் அதைக் கீழே வைத்ததற்கு மானம் ஒரு காரணம். இதைச் சொல்லாமல் பாரம்பரியம், பாரம்பரியம் என்று மேடையில் முழங்குவது எனக்கு ஒவ்வாது.

கடைசியாக ஒரு புகைப்படம். தலவாக்கலையில் ஒரு வீட்டுச் சுவரில் பழைய கல்யாணப் படம். ஓரத்தில் ஒரு பையன் நாற்காலியில் உட்கார்ந்து மடியில் கிட்டாரைக் கிடத்தியிருக்கிறான், இடது கைக்குள் ஏதோ மின்னுகிறது. கிட்டாரைப் பற்றி மூச்சே விடாமல், "இந்தத் தம்பி யார்?" என்றேன். தோட்டத்துச் சின்னக் கிளாக்கர், எழுபதுகளில் குடும்பத்தோடு இந்தியா போய்விட்டார், கோத்தகிரிப் பக்கம் என்று சொன்னார்கள். அவருக்கு நெருக்கம் யார்? டீமேக்கர். டீமேக்கர் எங்கே? ஓய்வுபெற்று பசறையில் இருந்து காலமானார், மகள் இருக்கிறார். இந்த மூன்று கேள்விக்கு எனக்கு ஒன்றரை ஆண்டு பிடித்தது.

பசறையில் அந்த அக்காவின் வீட்டில் கிட்டார் பரணில் இருந்தது, அடுப்புக்கு நேர் மேலே. ஐம்பது வருடப் புகை குடித்துக் கரிக்கட்டைபோல் ஆகியிருந்தது. ஆனால் அந்தப் புகைதான் கறையானையும் ஈரத்தையும் அண்டவிடவில்லை. துடைத்துப் பார்த்தேன்: கல்கத்தா வேலை, மலிவு மரம், உயர்த்திய எலும்பு, தேயாத கட்டைகள். உலகச் சந்தையில் பெரிய விலை போகாது. எனக்கு மடியை விட்டு இறக்க மனம் வரவில்லை. கோத்தகிரிக்கு எழுதினேன். கிளாக்கர் ஐயா உயிரோடு இருக்கிறார், எண்பது தாண்டிவிட்டது. பதிலில் கிட்டாரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. "ஸ்டீல் கூடவே இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டிருந்தார்.

மறுபடி பசறைக்குப் போனேன். பெட்டியிலும் இல்லை, பரணிலும் இல்லை. அக்கா எனக்குத் தேநீர் போட உள்ளே போனார். டக் டக் என்று ஓசை. எட்டிப் பார்த்தால், விரல் நீளத்தில் பளபளவென்று ஓர் உருக்குத் துண்டால் இஞ்சி தட்டிக்கொண்டிருக்கிறார். அதுதான். கிட்டாரை இப்போதே தூக்கிக்கொண்டு போகச் சொன்னார். இதைத் தர முடியாதாம், கைக்குப் பழகிவிட்டதாம், அப்பா காலத்திலிருந்து இஞ்சிக்கு இதுதானாம்.

அடுத்த ஞாயிறு ஒரு சின்ன இடிகல் வாங்கிக்கொண்டு போகிறேன். நல்லதாகக் கிடைக்கும் கடை தெரிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள்.